காலிக் கூடாரத்துக் கதகதப்பு

உறைபனியைத் தட்டுவது பெரிய வேலை இல்லை. சத்தமில்லாமல் தட்டுவதுதான் வேலை.

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பழைய போர்வைக் கிழிசல் சுற்றிய மூங்கில் கழியோடு ஐந்தாம் நம்பர் கூடாரத்தின் பக்கவாட்டில் நின்றாள் தையல்காரி. மேல்துணியில் அரை விரல் தடிமனுக்கு வெள்ளைவெளேரென்று பனி உறைந்திருந்தது. வெயில் ஏறுவதற்குள் அதை உதிர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் உருகி, தையல் வழியே இறங்கி, உள்ளே தூங்கும் விருந்தாளியின் மூக்கு நுனியில் சொட்டும். சொட்டினால் விருந்தாளி ஆபீசுக்குப் போவார். ஆபீசிலிருந்து முதலாளி இவளிடம் வருவார். ஒரு சொட்டுத் தண்ணீருக்கு அந்தச் சுற்றுலா முகாமில் அவ்வளவு நடை.

ஓங்கி அடித்தால் விருந்தாளி விழித்துக்கொள்வார். அதனால் துணியின் அடியில் கழியைக் கொடுத்து, ஏப்பம் விடாத குழந்தையின் முதுகைத் தட்டுவது போல் மெதுவாகத் தட்டினாள். பனி பாளம் பாளமாக நழுவி அவள் கழுத்துக்குள்ளும் ரவிக்கைக் கைக்குள்ளும் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். விரல் நுனிகள் பத்தும் வெடித்திருந்தன. நேற்று ஊசி குத்தியபோது ரத்தம்கூட வரவில்லை, வெளியே வந்தால் குளிரும் என்று அதற்கும் தெரிந்திருக்கிறது.

எல்லா வருஷமும் குளிர் வரும், போகும். இந்த வருஷம் வந்தது போகிற குளிராக இல்லை. வாளித் தண்ணீரில் முகம் பார்க்கலாம், கை விட முடியாது. கொடியில் காயப்போட்ட போர்வை பலகையாக நின்றது. முகாமுக்கு நீண்ட காலம் காவலாக இருந்த வாட்ச்மேனே இப்படி ஒரு குளிரைப் பார்த்ததில்லை என்றார். அவர் எதையும் பார்த்ததில்லை என்று சொல்லுகிற ஆள் இல்லை.

விருந்தாளிகளுக்கு இருபது கூடாரம். இருபதிலும் ஹீட்டர். அந்த வாரம் ஆள் இருந்தது ஆறில்தான். மீதிப் பதினாலில் ஈ காக்கை இல்லை, ஆனாலும் ஹீட்டர் ஓடியது. ‘விருந்தாளி எந்த நிமிஷம் வந்தாலும் கூடாரம் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்’ என்பது முதலாளியின் கட்டளை. ஆபீஸ் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். தினமும் விடியலில் காலிக் கூடாரங்களின் ஜிப்பைத் திறந்து, ஹீட்டர் எரிகிறதா என்று பார்ப்பதும் தையல்காரியின் வேலைதான். திறந்ததும் குப்பென்று வெதுவெதுப்பு முகத்தில் அடிக்கும். ஒரு மூச்சு இழுத்துக்கொள்வாள். உடனே மூடிவிடுவாள். உள்ளே கால் வைக்க அனுமதி இல்லை.

வேலைக்காரர்களின் கூடாரங்கள் இருந்தது, குளியலறைக் கட்டிடத்துக்கும் கீழே, ஒரு பள்ளத்தில். விருந்தாளிகளுக்கு ஆகாதென்று கழித்துக்கட்டிய எட்டுக் கூடாரங்கள். பன்னிரண்டு பேர். அங்கே கரண்ட் இழுக்கவில்லை. “குளிரும் தண்ணி மாதிரிதான்க்கா. பள்ளத்தைப் பாத்து ஓடும்” என்பான், குழாய் வேலை பார்க்கும் பைப்பு. அவனுக்கு அம்மா அப்பா வைத்த பேர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

இரண்டு வாரம் முன்பு, காற்று சுழன்றடித்தபோது, எட்டுக் கூடாரத்தின் காற்று ஜன்னல்களையும் தையல்காரிதான் தைத்து மூடினாள். மேலே ஆள்காட்டி விரல் அகலத்துக்கு ஒரு திறப்பு இருக்கும், அதையும் விடவில்லை. மெழுகு நூலில் இரட்டைத் தையல். வேலை முடிந்த நேரத்தில், கூலி கேட்காமல், ஆளுக்கொரு டம்ளர் டீக்குத் தைத்துக் கொடுத்தாள். ஊசி முனை நுழைய இடமில்லை என்று பெருமையாகக்கூட இருந்தது அவளுக்கு.

புருஷனுக்கு நெருப்பு வேலை. சாயங்காலம் விருந்தாளிகளுக்குக் கட்டை அடுக்கிக் கொளுத்துவான். அவர்கள் பாடி ஆடி ஓய்ந்து படுக்கப் போன பிறகு, கடைசிக் கங்கு அணையும்வரை காவல் நின்று, சாம்பலை வாரிக் குழியில் கொட்டிவிட்டுத்தான் வர வேண்டும். எல்லோரும் அவனைத் தணல் என்றுதான் கூப்பிட்டார்கள். ஊருக்கெல்லாம் தீ மூட்டுகிறவன் அன்று வந்து படுத்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. பல் கிட்டித்துப் பேச்சு வரவில்லை.

அதனால்தான், வேலைக்குக் கிளம்பும் முன் தையல்காரி சமையல்கட்டுக்குப் போய், மாஸ்டரிடம் அரை வாளி அடுப்புத் தணல் வாங்கி வந்து அவன் கால்மாட்டில் வைத்தாள். புதிதில்லை. ஒரு வாரமாகப் பள்ளத்தில் எல்லோரும் செய்வதுதான். ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடிவிட்டு, கழியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

ஆறரை மணிக்கு டீயோடு திரும்பினாள். ஜிப் உறைந்து நகர மறுத்தது. மெழுகுவர்த்தி தேய்த்து, இழுத்து, திறந்தாள்.

தணல் மல்லாந்து கிடந்தான். கன்னம் இரண்டும் செக்கச்செவேலென்று, நன்றாகத் தூங்கி எழுந்தவனுடைய முகம். அவளுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

“என்னங்க, டீ.”

தொட்டாள். உலுக்கினாள். கை, துணி போலத் தொங்கியது.

பைப்பும் வாட்ச்மேனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேட்டுக்குத் தூக்கி வந்தார்கள். முதலாளியின் கார் அங்கேயேதான் நின்றது. சாவி அவரிடம் இருந்தது, அவர் தூக்கத்தில் இருந்தார், எழுப்ப யாருக்கும் துணிவில்லை. மாஸ்டர் காய்கறி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். காலிபிளவர் கூடைகளுக்கு நடுவே தணல் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

“புகை இல்லைன்னு நெனைச்சீங்களாம்மா? தணல்ல புகை கண்ணுக்குத் தெரியாது. மூடின இடத்துல சத்தமில்லாம ஆளை முடிச்சிடும்” என்றார் டாக்டர். “இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா என்கிட்ட கொண்டு வந்திருக்க வேண்டாம்.”

மூன்றாம் நாள் கண்ணில் தெளிவு வந்தது. காலில் பலம் வரவில்லை. மறுநாள் காலை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார்கள். பத்து நாளைக்குக் குளிர் படக்கூடாது என்றார்கள். வீடு என்று அவர்கள் சொன்னதைத் தையல்காரி திருத்தவில்லை.

அன்று மதியம் ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது.

முதலாளி மேஜைக்குப் பக்கத்துக்கொன்றாக இரண்டு ஹீட்டர் வைத்து நடுவில் உட்கார்ந்திருந்தார். தலையில் கம்பளிக் குல்லா. தலையில் போட்டிருப்பது ஒன்று, அடுத்தவருக்குப் போடுவது ஒன்பது என்பது பைப்பின் கணக்கு.

“உக்காரும்மா.”

மூன்று வருஷத்தில் அவர் உட்காரச் சொன்னதில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“எப்படி இருக்கான்?”

“நாளைக்குக் காலையில விடறாங்க சார். பத்து நாளைக்குக் குளிர் படாம பாத்துக்கணுமாம். மேல காலியா இருக்கிற கூடாரத்துல ஒண்ணு குடுத்தீங்கன்னா...”

“அதைப் பத்தித்தான் பேசணும்.” ஒரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். “படிக்கத் தெரியுமில்ல?”

தெரியும். நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் நெருப்பை எடுத்துச் சென்றேன். கூடாரத்தின் காற்று ஜன்னல்களை நானே தைத்து மூடினேன். நடந்ததற்கு நானும் என் கணவருமே பொறுப்பு. நாளைக் காலை கூடாரத்தைக் காலி செய்கிறோம். கீழே கோடு போட்டு இடம் விட்டிருந்தது.

“இதுல ஒரு வார்த்தை பொய் இருந்தா சொல்லு, அந்த வரியை அடிச்சிடறேன். தணலை எடுத்தது யாரு?”

“நான்தான் சார்.”

“ஜன்னலைத் தைச்சது?”

“நான்.”

“ஜிப்பை இழுத்து மூடினது?”

அவள் காகிதத்தின் கோட்டைப் பார்த்தாள்.

“நானா வந்து மூடினேன்? நான் நல்லவன், அதனால காகிதத்தோட நிறுத்திக்கிறேன். வேற ஒருத்தன்னா போலீசுக்குப் போயிருப்பான். புருஷனை மூச்சு முட்ட வெச்சவள்னு பேர் எடுக்கணுமா நீ?”

“இந்தக் குளிர்ல அவரை எங்க சார் கூட்டிட்டுப் போவேன்?”

முதலாளி சிரித்தார். கோபித்திருந்தால்கூடத் தேவலை.

“இதே குளிருக்குத்தாம்மா ஜனங்க காசு குடுத்து வர்றாங்க. உங்களுக்குச் சும்மா கெடைக்குது. நாலு மணிக்குள்ள கையெழுத்து வந்தாகணும்.”

காகிதத்தோடு வெளியே வந்தாள். அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. அதுதான் கொடுமை.

குளியலறைக் கட்டிடத்தின் பின்சுவருக்கு அப்பால் விருந்தாளிகளின் வெந்நீர் பாய்லர் இருந்தது. சுவரில் நான்கடி அகலத்துக்குச் சூடு கசியும். முகாமில் வேலைக்காரர்கள் கேட்காமல் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரே சூடு. இரண்டிரண்டு பேராக முதுகைக் கொடுத்து நிற்பார்கள். நூறு எண்ணியதும் அடுத்த ஜோடி. யாரும் நூற்றொன்று எண்ணியதில்லை. அன்று தையல்காரி வருவதைப் பார்த்ததும் முறையில் இருந்த இருவரும் விலகி இடம் விட்டார்கள். அவள் முதுகைச் சாய்த்தாள். சூடு ஏறியதும் அழுகை வந்தது.

காகிதம் கை மாறியது. குளியலறை கழுவும் சின்னவள் உரக்கப் படித்தாள். அவளுக்கு வாய் மட்டுமல்ல, கையெழுத்தும் நன்றாக இருக்கும்.

“குடு, கையெழுத்து போட்டுடறேன்” என்றாள் தையல்காரி. “எல்லாம் நான் செஞ்சதுதானே. என் கையாலயே அவருக்குக் குழி வெட்டினேன்.”

“என் கூடாரத்து ஜன்னலைத் தைச்சது யாருக்கா?” என்றாள் சின்னவள்.

“நான்தான்.”

“தைக்கச் சொன்னது யாரு? ரெண்டு தையல் சேத்துப் போடுன்னு கெஞ்சினது யாரு? நான். அந்த வரி ஏன் இதுல இல்ல?”

பைப்பு காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எடுத்தேன், தைச்சேன், மூடினேன், எல்லாம் இருக்கு. எதுக்குன்னு மட்டும் காணோம். குழாய் வெடிச்சா, வெடிச்சுதுன்னு மட்டும் எழுதினா ஆச்சா? ஏன் வெடிச்சுதுன்னு பாக்க வேண்டாமா?”

“டேய், உன் குழாயை விடு” என்றார் வாட்ச்மேன். “எனக்கு ஒரு வாரமா தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. இதுல நீ வேற.”

“எனக்கும்தான்” என்றாள் சின்னவள். “குளிருக்குன்னு தைலம் தேய்ச்சுக்கறேன்.”

“எனக்கு வாந்திகூட வந்துச்சு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எட்டுக் கூடாரம். எட்டு வாளி. எட்டிலும் ஊசி முனை இடம் விடாத இரட்டைத் தையல். தணல் ஒருவன்தான் விடிந்த பிறகும் தூங்குகிறவன். மற்றவர்கள் வேலைக்காக இருட்டிலேயே எழுந்து வெளியே வந்ததால் பிழைத்திருக்கிறார்கள். முதலாளியின் வேலை ஜனங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு தடவைதான்.

சின்னவள் ஓடினாள். கத்தரிக்கோலை எடுத்து எல்லா ஜன்னலையும் வெட்டித் திறந்துவிட்டு வந்தாள். மூச்சு வாங்கியது.

“திறந்தாச்சு. இனிமே குளிர்லதான் சாகணும்.”

அப்போது சமையல்கட்டுப் பக்கமிருந்து மாஸ்டர் வந்தார். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். மாஸ்டர் முதலாளிக்கு மச்சான் முறை. அடுப்புக்குப் பக்கத்திலேயே படுக்கை. பள்ளத்தில் நடப்பது ஆபீசுக்குத் தெரிகிறதென்றால் அவர் வழியாகத்தான் என்று எல்லோருக்கும் ஓர் எண்ணம்.

“என்ன மாஸ்டர், தலை எண்ண வந்தீங்களா?” என்றான் பைப்பு.

மாஸ்டர் அவனைப் பார்க்கவில்லை. “காகிதத்துல என் பேர் இருக்கா?”

“இல்லை.”

“அள்ளிக் குடுத்தவன் நான். தினம் எட்டு வாளி. என் பேர் இல்லாம எப்படி?” துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். “மூணு நாளா தூக்கம் இல்லைப்பா. அடுப்புப் பக்கத்துல படுத்துக்கிட்டுத் தூக்கம் வரலைன்னு வெளியில சொல்லவும் வெக்கமா இருக்கு. எழுதும்மா, என் பேரையும் எழுது.”

சின்னவள் காகிதத்தைத் திருப்பிச் சுவரில் வைத்தாள். பின்பக்கம் காலியாக இருந்தது. ஆளாளுக்குச் சொன்னார்கள், அவள் எழுதினாள்.

நாங்கள் எல்லோரும் நெருப்பு எடுத்தோம். நாங்கள் எல்லோரும் ஜன்னலைத் தைக்கச் சொன்னோம். குளிர் தாங்காமல் செய்தோம். மேலே பதினாலு காலிக் கூடாரத்தில் ஹீட்டர் ஓடுகிறது. பள்ளத்துக்குக் கரண்டும் ஹீட்டரும் வரும்வரை நாங்கள் அங்கே படுப்போம். தணல் நாளை ஏழாம் நம்பருக்கு வருவார். யாரும் எதையும் காலி செய்ய மாட்டோம். அதுவரை வேலை இல்லை.

கடைசி வரியில் எல்லோரும் கொஞ்சம் தயங்கினார்கள். தையல்காரிதான், “எழுது” என்றாள்.

பன்னிரண்டு கையெழுத்து. வாட்ச்மேன் கடைசியாகப் பேனாவை வாங்கினார். இரண்டு முறை விரலில் ஊதிக்கொண்டார்.

“பயமாண்ணே?” என்றாள் தையல்காரி.

“குளிர்.” போட்டு முடித்தார். “பயமும்தான். இதை விட்டா எனக்கு வேற போக்கிடம் இல்லை.”

நாலு மணிக்கு ஆபீஸ் வாசலில் போய் நின்றார்கள். முதலாளி முன்பக்கம் பார்த்தார். கையெழுத்து இல்லை. பின்பக்கம் படித்தார். குல்லாவைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

“மச்சான், நீங்களுமா?”

“நானும்தான்.”

“சரி.” அவர் தையல்காரியைப் பார்த்தார். “உன் ஒருத்திக்காக இவங்க எல்லாரும் தெருவுக்கு வரணுமா? நல்லா யோசிச்சியா?”

“நான் யோசிக்கல சார்” என்றாள். “மூணு நாளா நான்தான் அவரைக் கொல்லப் பாத்தேன்னு மட்டும்தான் யோசிச்சேன். இவங்கதான் மீதியை யோசிச்சாங்க. காலிக் கூடாரத்துக்கு எரியற ஹீட்டர் எங்களுக்கு எரிஞ்சிருந்தா, நான் எதுக்கு வாளியைத் தூக்கறேன்?”

“விருந்தாளி படுக்கிற மெத்தையில நீங்க படுப்பீங்களா?”

“அந்த மெத்தையைத் தைச்சது நான்தான் சார்” என்றாள். “அதுல முள்ளு ஒண்ணும் வெக்கல.”

பைப்பு சிரித்துவிட்டான். முதலாளியின் முகம் மாறியது. போனை எடுத்தார்.

“இருட்டறதுக்குள்ள புது ஆளுங்க இறங்குவாங்க. பன்னெண்டு பேரும் மூட்டையைக் கட்டுங்க. நாளைக்குக் காலையில அந்தப் பள்ளத்துல ஒரு பழைய முகம் தெரியக்கூடாது.”

யாரும் மூட்டை கட்டவில்லை. பள்ளத்துக்கு இறங்கும் பாதையின் தலைப்பில், ஈரமண்ணில் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். வெயில் மங்க மங்கக் குளிர் காலிலிருந்து மேலே ஏறியது. போர்வை போர்த்திய விருந்தாளி அம்மா ஒருவர் வந்து, “இன்னிக்கு நெருப்பு இல்லையா?” என்று கேட்டார். “மூட்டறவர் ஆஸ்பத்திரியில இருக்கார்” என்றான் பைப்பு. “அடப்பாவமே” என்றார் அந்த அம்மா. பிறகு, குளிருகிறது என்று சொல்லிவிட்டுத் தன் கூடாரத்துக்குப் போய்விட்டார்.

“நாளைக்கு எத்தனை மணிக்கு விடறாங்க?” என்றார் மாஸ்டர்.

“பத்து.”

“வண்டி எடுத்துட்டுப் போயிடலாம். வண்டிச் சாவி இன்னும் என்கிட்டதான் இருக்கு.”

சூரியன் மரத்தலைக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் ஒரு வேன் வந்தது. எட்டுப் பேர் இறங்கினார்கள். மெல்லிய சட்டை, ரப்பர் செருப்பு, சிமென்ட் சாக்கில் துணிமணி. எந்த ஊர் என்று கேட்காமலே தெரிந்தது, எங்கேயும் வேலை இல்லாத ஊர். உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

“வாங்க வாங்க” என்றார் முதலாளி. “கீழ எடம் தயாரா இருக்கு.”

பைப்பு எழுந்து கை ஓங்குவது போல் போனான். தையல்காரி அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“நான் காட்டறேன் சார்” என்று எழுந்தாள். “மூணு வருஷம் இருந்த எடம். எனக்குத் தெரியாததா?”

முதலாளி என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் அவள் நடந்தாள். எட்டுப் பேரும் பின்னால் வந்தார்கள். பள்ளத்தில் இறங்க இறங்க, தண்ணீருக்குள் இறங்குவது போல் குளிர் முழங்காலுக்கு, இடுப்புக்கு, கழுத்துக்கு வந்தது. தங்கள் கூடாரத்தின் முன் நின்று, வெட்டிய ஜன்னலைக் காட்டினாள். வாளி இருந்த இடத்தைக் காட்டினாள். தணல் தலை வைத்துப் படுத்திருந்த இடத்தைக் காட்டினாள். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல், தன் கை செய்ததையும் மறைக்காமல் சொன்னாள்.

“போங்கன்னு சொல்ல நான் ஆள் இல்லை. உங்களுக்கும் வயிறு இருக்கு. இங்க படுத்தா நெருப்பை உள்ள வெக்காதீங்க. அவ்வளவுதான்.”

வந்தவர்களில் ஒரு பெண், சுருட்டிய பாயை இடுப்பில் இடுக்கியிருந்தவள், குனிந்து தரையைத் தொட்டாள். விரலை உதறிக்கொண்டாள். மேட்டைப் பார்த்தாள்.

“மேல இருக்கே, அந்தக் கூடாரத்துல எல்லாம் யாரு?”

“யாருமில்லை.”

“உள்ள ஏதோ செவப்பா எரியுது?”

“ஹீட்டர்.”

“ஆளில்லாம யாருக்கு எரியுது?”

தையல்காரி மேட்டுப் பாதையில் திரும்பி நடந்தாள்.

மேலே வந்தபோது வேன் டிரைவர் இன்ஜினை அணைக்காமல் நின்றிருந்தான். முதலாளி கையைத் தேய்த்துக்கொண்டார். “என்ன, எடம் பிடிச்சிருக்கா?”

எட்டுப் பேரில் இரண்டு பேர் வேனைப் பார்த்தார்கள். நான்கு பேர் தரையைப் பார்த்தார்கள். ஒருவன் சாக்குமூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டான்.

பாய் வைத்திருந்தவள் முதலாளியைத் தாண்டி நடந்தாள். சின்னவள் பக்கத்தில் போய் நின்றாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”

சின்னவள் தள்ளினாள். பக்கத்தில் வாட்ச்மேன், அவருக்கடுத்து மாஸ்டர், பைப்பு, வரிசைக் கடைசிவரை எல்லோரும் ஒரு கை அகலம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் பாயை விரித்தாள். அது இரண்டு பேருக்கான பாய். மீதி இடத்தைத் தட்டிக் காட்டி, வேன் பக்கம் திரும்பி, தன்னோடு வந்தவர்களைப் பார்த்தாள்.